காலி இடம்: நொச்சிக்குப்பத்துக் கரையில் சில குறிப்புகள்

போன மாசம் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தாங்க. தலைப்பையும் அவங்களே கொடுத்துட்டாங்க: 'வளரும் நகரங்களில் இளைஞர்களின் பங்கு'. இந்த மாதிரித் தலைப்பு கிடைச்சா என்ன பேசுவாங்கன்னு நமக்கெல்லாம் மனப்பாடம். மரம் நடுங்க, பிளாஸ்டிக்கைக் குறைங்க, ஞாயிற்றுக்கிழமை காலையில் பீச்சைச் சுத்தம் பண்ணுங்க. இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் இதைக் கேட்கிற பிள்ளைகள் செல்போனைப் பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க என்பதும் தெரியும். நானும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன்.

அதனால் வேற மாதிரி யோசித்தேன். நான் இருப்பது மயிலாப்பூர். வீட்டிலிருந்து நடந்தால் இருபது நிமிஷத்தில் கடற்கரை. லைட் ஹவுஸிலிருந்து தெற்கே பட்டினப்பாக்கம் வரைக்கும் இருக்கிற கரையை மட்டும் முக்கியமாக எடுத்துக்கொள்வோம். நொச்சிக்குப்பம், நொச்சி நகர், டுமிங்குப்பம், முள்ளிக்குப்பம், சீனிவாசபுரம் என்று வரிசையாகக் குப்பங்கள். இந்தக் கரையிலும் இதற்கு அக்கம்பக்கத்திலும் கடந்த 40 வருஷத்தில் இளைஞர்கள் நிஜமாகவே என்ன செய்தார்கள்? அதில் எது நின்றது, எது கலைந்து போச்சு? இதைத் தேடிப் படித்ததையும், நேரில் போய்ப் பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். இந்தக் கரையில் எனக்கு ஒரு பழைய கடனும் இருக்கு. அது நடுவில் வரும்.

மணல் எப்படி வந்தது

முதலில் ஒரு விஷயம். நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற அகலமான மெரினா மணல் ஆதியிலிருந்தே இப்படி இருந்ததில்லை. 1875-க்குப் பிறகு சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டித் தடுப்புச் சுவர் கட்டினார்கள். நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதைத் தடுத்தது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்குப் பக்கம் மணல் வராமல், ராயபுரம் பக்கத்துக் கரையைக் கடல் தின்றது. அதாவது, மெரினாவுக்கு வந்த மணல் வடசென்னைக்குப் போகவேண்டிய மணல்.

சேர்ந்த மணலைப் பார்த்துவிட்டு, 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் அதன் ஓரமாக உலாவும் பாதை போட்டு, இத்தாலிய நினைவில் 'மெரினா' என்று பேர் வைத்தார். காற்று வாங்குவதற்கான இடம் என்று அன்றைக்கு முடிவானது. ஆனால் அதற்கு முன்பிருந்தே இங்கே கட்டுமரம் இழுத்துப் போட்டு, வலை காயவைத்து, மீன் விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். நொச்சிச் செடி மண்டிக் கிடந்ததால் நொச்சிக்குப்பம் என்று பேர் வந்ததாகச் சொல்வார்கள். ஒரே மணலுக்கு இரண்டு உபயோகம். இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தது. அதன் ஆரம்ப வருஷங்களிலேயே நொச்சிக்குப்பத்தில் அடுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. குடிசை போய் மாடி வீடு வந்தது நல்லதுதான். ஆனால் வீட்டைக் கட்டிக் கொடுத்தவர்கள், வீட்டுக்கு முன்னால் இருக்கிற மணலும் அந்த வீட்டின் ஒரு பகுதிதான் என்பதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

1985

1985 இறுதியில் எம்.ஜி.ஆர். ஆட்சிக்காலத்தில், மெரினாவை அழகுபடுத்தும் திட்டத்துக்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் கரையிலிருந்து அப்புறப்படுத்தச் சொன்னார்கள். மீனவர்கள் மறுத்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. 5 மீனவர்கள் செத்துப் போனார்கள்.

இதைப் பள்ளிக்கூடத்தில் நான் படித்ததில்லை. மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன், கல்லூரி முடிக்கும்வரை கேள்விப்பட்டதுகூட இல்லை. குப்பத்தில் வயதானவர்களிடம் பேசினால் பத்து நிமிஷத்துக்குள் 'எம்பத்தஞ்சு' என்ற வார்த்தை வந்துவிடும். ஒரே பின்கோடில் இரண்டு வரலாறு.

அந்த ஐந்து பேர் செத்தது எதற்காக? யோசித்தால் அது ஒரு வார்த்தைக்காக. 'காலி இடம்' என்ற வார்த்தைக்காக. அரசாங்கத்தின் கண்ணுக்கு அந்த மணல் காலி. அதில் கிடந்த கட்டுமரம் காலி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிற சாமான். மீனவர்களுக்கோ அது பட்டறை, கிடங்கு, மார்க்கெட், பஞ்சாயத்து கூடுகிற இடம் எல்லாம்.

இரவு நடந்தவர்கள்

இனி இளைஞர்கள் கதைக்கு வருவோம்.

1988. பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் நம் கரையில் ஏறி மணலில் குழி தோண்டி முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். நகரம் வளர வளர மூன்று ஆபத்து: நாய், மனிதர்கள், வெளிச்சம். கடைசியது கொஞ்சம் விளக்கணும். முட்டையிலிருந்து வெளியே வரும் குஞ்சு வெளிச்சம் தெரிகிற பக்கமாக ஓடும். ஆதியில் இரவில் வெளிச்சமாக இருந்தது கடல்தான். இப்போது ரோட்டில் விளக்கு. குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓடிச் சாகும்.

1970-களில் ராமுலஸ் விட்டேகர் போன்றவர்கள் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கத் தொடங்கினார்கள். பிறகு அரசுத் துறைகள் செய்தன. 1980-களின் கடைசியில் அதுவும் நின்றுபோனது. அப்போது சில கல்லூரி மாணவர்கள் சேர்ந்து, 'நாம நடப்போம்' என்று ஆரம்பித்ததுதான் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு. இன்றுவரை ஓடுகிறது. சீசனில் இரவு முழுக்க நடப்பார்கள். குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளை எண்ணி எடுத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்து, ஒன்றரை மாசம் போல் காத்திருந்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள்.

இந்த அமைப்பைப் பற்றி எல்லோரும் சொல்வது ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடுகிற அந்த அழகான காட்சியைத்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர்களுடைய நோட்டுப் புத்தகம். எந்த இரவு, எந்த இடம், எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, செத்து ஒதுங்கிய ஆமை எத்தனை. வருஷம் தவறாமல் கணக்கு. மாணவர்கள் படித்து முடித்து வேலைக்குப் போய்விடுவார்கள், அடுத்த செட் வரும், நோட்டு மட்டும் தொடரும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, 'இது வழக்கமா நடக்கிறதுதானே' என்று யாராலும் தட்டிக்கழிக்க முடியவில்லை. வழக்கம் எது என்பதற்கு முப்பது வருஷத்துக்கும் மேலான கணக்கு கையில் இருந்தது. கரைக்குப் பக்கத்தில் இழுவைப் படகுகள் வரக்கூடாது என்கிற சட்டம் ஏன் காகிதத்திலேயே நிற்கிறது என்ற கேள்வி பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது.

வாசலில் உட்கார்ந்தவர்கள்

2003. லைட் ஹவுஸுக்கு வடக்கே, கடலைப் பார்த்தபடி நிற்கும் ராணி மேரிக் கல்லூரி. 1914-ல் தொடங்கியது, சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி. அதை இடித்துவிட்டுப் புதுத் தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அப்போதைய ஜெயலலிதா அரசு அறிவித்தது. மாணவிகள் வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகவில்லை. அவர்களைப் பார்க்கப் போன மு.க. ஸ்டாலின் கைதானது பெரிய செய்தி. போராட்டமும் வழக்குகளுமாகச் சேர்ந்து அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி இன்றும் நிற்கிறது.

இதுவும் இளைஞர்கள் செய்த வேலைதான், ஜெயித்த வேலை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெண்கள் காத்தது தங்கள் சொந்த இடத்தை. வகுப்பறை எது, ஹாஸ்டல் எது, எந்த மரத்தடியில் சாப்பிடுவார்கள் என்று அங்குலம் அங்குலமாகத் தெரிந்த இடம். யாரும் வந்து அவர்களிடம் 'இது காலி இடம்' என்று சொல்ல முடியாது.

என் கடன்

2015 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். அடையாறு கரை மீறி கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை என்று முங்கியது. அப்போது கடலோரக் குப்பங்களிலிருந்து இளைஞர்கள் ஃபைபர் போட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் வந்தார்கள். மாடியில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிக் கொண்டுவந்தார்கள். 'நகர வளர்ச்சியில் இளைஞர்கள்' என்று தலைப்பு வைக்கிறோமே, அந்த வாரம் நகரத்தைத் தூக்கி நிறுத்திய இளைஞர்களில் பெரும்பகுதி யாருடைய கருத்தரங்கத்துக்கும் வராதவர்கள்.

அதற்கு ஒரு வருஷம் கழித்து, 2017 ஜனவரி. ஜல்லிக்கட்டுப் போராட்டம். நான் அப்போது கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். 18-ம் தேதியிலிருந்து நானும் மெரினாவில்தான். செல்போன் டார்ச் அடித்தோம், பாட்டுப் பாடினோம், குப்பை பொறுக்கினோம். உலகமே நம்மைப் பார்க்குது என்ற மிதப்பு. குப்பத்துப் பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். கழிப்பறைக்குப் போக எங்களுடன் வந்த பெண்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டார்கள். நான் அவர்களில் ஒருவரிடம்கூடப் பேர் கேட்கவில்லை.

22-ம் தேதி ஞாயிறு இரவு நான் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் இன்டர்னல் பரீட்சை. 23-ம் தேதி காலையில் போலீஸ் கரையை விட்டு எல்லோரையும் கலைத்தது. ஓடியவர்களுக்கு நடுக்குப்பம் மாதிரி இடங்களில் மக்கள் கதவைத் திறந்தார்கள், சோறு போட்டார்கள். அதற்கு விலையும் அவர்களே கொடுத்தார்கள். நடுக்குப்பம் மீன் மார்க்கெட் எரிந்தது. தீ வைத்தது போலீஸ்தான் என்று அந்த மக்கள் குற்றம் சாட்டினார்கள். நடந்ததையெல்லாம் விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ராஜேஸ்வரன் தலைமையில் ஆணையம் போட்டார்கள்.

நான் இதையெல்லாம் டிவியில் பார்த்தேன். அந்த வாரமே போய் 'உங்க கடை என்ன ஆச்சு' என்று கேட்டிருக்கலாம். போகவில்லை. வெட்கம், பயம், அப்புறம் பரீட்சை, அப்புறம் வேலை. எங்கள் கூட்டம் கேட்டது எங்களுக்குக் கிடைத்தது. கூட்டம் வீட்டுக்குப் போன பிறகு அங்கேயே இருக்கவேண்டியவர்களுக்குக் கிடைத்தது எரிந்த மார்க்கெட்.

இதைச் சொல்வது போராட்டமே தப்பு என்று சொல்வதற்காக இல்லை. ராணி மேரியில் உட்காராமல் இருந்திருந்தால் கல்லூரி இருந்திருக்காது. ஆனால் நாம் போய் நிற்கிற இடம் யாருடைய வீட்டு வாசல் என்று தெரிந்துகொண்டு நிற்கணும்.

வரைபடம் போட்டவர்கள்

அடையாற்றுக்குத் தெற்கே, பெசன்ட் நகரை ஒட்டி ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம். லைட் ஹவுஸிலிருந்து கடற்கரை ஓரமாகவே தூண் போட்டு உயரச் சாலை ஒன்று அமைக்க ஒரு திட்டம் பேசப்பட்டது. தூண்கள் இறங்கும் இடமெல்லாம் குப்பங்களின் முன்வாசல். எதிர்ப்பு கிளம்பியது. அந்தச் சமயங்களில் உருவான ஒருவர் ஊரூர் குப்பத்து இளைஞர் கே. சரவணன். மீனவர் குடும்பம். அவர் கையில் எடுத்தது ஜிபிஎஸ், வரைபடம், தகவல் அறியும் உரிமைச் சட்டம். படகு நிறுத்துகிற இடம், வலை காயப்போடுகிற இடம், கரைவலை இழுக்கிற இடம், மீன் விற்கிற இடம் என்று குப்பத்து மக்களே சொல்லச் சொல்ல வரைபடத்தில் ஏற்றினார். பின்னாளில் எண்ணூர் கழிமுகம் வரைக்கும் இந்த வேலை போனது.

இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை என்று ஒன்று இருக்கிறது. 1991-ல் வந்தது, 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்டது. கடலோரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்பதை அரசு தயாரிக்கும் கடலோர மேலாண்மை வரைபடங்கள்தான் தீர்மானிக்கும். மீனவ ஊர்களையும் அவர்களுடைய பொது இடங்களையும் அந்த வரைபடத்தில் குறிக்கணும். குறிக்காமல் விட்டால்? சட்டத்தின் கண்ணில் அது காலி. மறுபடியும் அதே வார்த்தை. வரைவு வரைபடங்கள் வெளிவரும்போதெல்லாம் 'எங்க ஊரையே காணோம்' என்று மீனவர்கள் கத்துவது இதனால்தான். கத்துவதோடு நிற்காமல், 'இதோ எங்க வரைபடம்' என்று மேசைமேல் வைக்கும்போது பேச்சு மாறுகிறது.

இது நம் ஊரில் மட்டும் நடந்த கதையும் இல்லை. பம்பாயில் 1985-ல் (அதே வருஷம்தான்) நடைபாதைவாசிகளைப் பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்றது. ஆனால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அகற்றலாம் என்றும் சொன்னது. அந்தச் சமயத்தில் ஸ்பார்க் என்ற அமைப்பும் நடைபாதையில் வாழ்ந்த பெண்களும் சேர்ந்து நடைபாதைக் குடும்பங்களைத் தாங்களே கணக்கெடுத்தார்கள். எண்ணிக்கை வந்த பிறகுதான் பேச்சுவார்த்தைக்கே வழி பிறந்தது. கென்யாவின் நைரோபி நகரில் கிபேரா என்ற பெரிய குடிசைப் பகுதி வரைபடங்களில் வெற்றிடமாகக் கிடந்தது. 2009-ல் அங்கேயே வசித்த 13 இளைஞர்கள் ஜிபிஎஸ் கருவியோடு சந்து சந்தாக நடந்து தண்ணீர்க் குழாய், கழிப்பறை, மருந்தகம், பள்ளி என்று எல்லாவற்றையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஏற்றினார்கள். சென்னையிலேயே 'டிரான்ஸ்பரன்ட் சென்னை' என்ற ஆய்வுக் குழு, பொதுக் கழிப்பறை எங்கெங்கே இருக்கு, எந்தக் குடிசைப் பகுதி அரசுப் பட்டியலில் விட்டுப்போயிருக்கு என்று வரைபடம் போட்டது. அதைத் தொடங்கிய நித்யா ராமன் பின்னால் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மன்ற உறுப்பினராக 2020-ல் ஜெயித்தார்.

லூப் ரோடும் என் நோட்டும்

2023 ஏப்ரல். நொச்சிக்குப்பத்துக்கு முன்னால் போகிற லூப் ரோட்டில் மீன் கடைகளால் போக்குவரத்து நெரிசல் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் ரோட்டிலேயே உட்கார்ந்தார்கள். 'ரோடு எங்க கரைக்கு வந்துச்சு, நாங்க ரோட்டுக்கு வரல' என்பதுதான் அவர்கள் வாதத்தின் சுருக்கம். வரலாற்றுப்படி பார்த்தால் அது சரியும்கூட. 2024-ல் அங்கேயே 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறந்தார்கள்.

அங்காடி வந்தது முன்னேற்றம்தான். தண்ணீர் வசதி இருக்கு, கூரை இருக்கு. ஆனால் மீன் விற்பது மட்டுமா மீனவர் தொழில்? இதைப் பார்க்கத்தான் கல்லூரிப் பேச்சுக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நொச்சிக்குப்பம் போனேன். கையில் ஒரு நோட்டு. எந்த நேரத்தில் எந்த இடத்தில் என்ன நடக்குது என்று எழுதினேன். இருட்டிலேயே போட்டுகள் கிளம்பிப் போயிருக்கும். வெயில் ஏறும்போது ஒவ்வொன்றாக வரும். வலையோடு மீனைக் கரையில் போட்டு ஆளாளுக்கு உட்கார்ந்து கழட்டுவார்கள். ஏலம். சங்கராவும் காரப்பொடியும் கூடை மாறும். பத்து மணிக்குமேல் வலை சீர் பார்க்கிற வேலை. ஒரு ஓரத்தில் கருவாடு. எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக வரைந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாவது வாரம், அங்காடியில் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா கேட்டாங்க.

"இன்னா தம்பி, வாராவாரம் வந்து எழுதிக்கினே கீற?"

விஷயத்தைச் சொன்னேன். நோட்டை வாங்கிப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. பிறகு ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்து, "இது இன்னா எழுதி வெச்சிருக்க?" என்றாங்க.

'காலி இடம்' என்று நான்தான் எழுதியிருந்தேன்.

"பெரிய வலைய இங்கதான் விரிப்பாங்க. நீ வந்த மூணு வாரமும் காத்து சரியில்ல, யாரும் போடல. வாடை அடிக்கிறப்போ வந்து பாரு, கால் வைக்க எடம் இருக்காது. இத்த காலின்னு எழுதிக் குடுத்தியானா நாளைக்கு ஒருத்தன் வந்து கார் பார்க்கிங் போடுவான்."

எனக்கு முகம் சுருங்கிப்போச்சு. 1985 பற்றி அவ்வளவு படித்துவிட்டு வந்த நானே அதே வார்த்தையை எழுதியிருக்கிறேன். கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. மூன்று வாரம் பார்த்ததை வருஷம் முழுக்கப் பார்த்ததாக நினைத்துவிட்டேன். ஒருவேளை அன்றைக்குத் திட்டம் போட்ட அதிகாரிக்கும் இப்படித்தான் ஆகியிருக்கும்.

அக்கா இன்னொன்றும் சொன்னாங்க. "சுனாமி வந்ததுலேர்ந்து எத்தினி பேர் வந்து எழுதிக்கினு போனாங்க தெரியுமா? காலேஜ் பசங்க, ஃபாரின்காரங்க. எத்தினி வீடு, எத்தினி புள்ளைங்கன்னு கேட்டாங்க. எல்லாம் சொன்னோம். அந்தப் பேப்பரெல்லாம் எங்க போச்சு?"

பதில் இல்லை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு வந்த எத்தனையோ கணக்கெடுப்புகளில் ஒரு பிரதிகூட அந்த வீடுகளில் இல்லை. அவர்களைப் பற்றிய கணக்கு அவர்களிடம் இல்லை.

மறுவாரம் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். 'காலி இடம்' என்பதை அடித்துவிட்டு 'பெரிய வலை விரிக்கும் இடம் (வாடைக் காலம்)' என்று எழுதியிருந்தேன். அக்காவின் தங்கை மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். அவன் அதை வாங்கி, பேனாவால் மேலும் நாலு இடத்தைத் திருத்தினான். எனக்குத் தெரியாத பேர்களை எழுதினான். ஒவ்வொரு போட்டு நிறுத்துகிற திட்டுக்கும் ஒரு பேர் இருக்காம். "இத போன்லயே ஏத்தலாம் ப்ரோ, நான் பாத்துக்கறேன்" என்றான்.

கல்லூரியில் சொன்னது

ஆக, அந்தப் பேச்சில் நான் சொன்னது இவ்வளவுதான்.

இந்தக் கரையில் நின்ற வேலைகளைப் பாருங்கள். ஆமைக்காக நடந்தவர்கள் வருஷக்கணக்கில் எண்ணினார்கள். ராணி மேரிப் பெண்கள் தெரிந்த இடத்துக்காக உட்கார்ந்தார்கள். சரவணன் பிறந்த ஊரை வரைந்தார். மூன்றிலும் பொதுவானது, அவர்கள் அங்கேயே இருந்தார்கள். ஒரு வாரம் வந்துவிட்டுப் போன எங்கள் கூட்டம், நல்ல எண்ணம் நிறைய இருந்தும், குப்பத்துக்கு விட்டுச்சென்றது வேறு.

நகரத்துக்கு உதவணும் என்றால் முதலில் ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழு நகரம் வேண்டாம். ஒரு தெரு, ஒரு குளம், ஒரு பஸ் ஸ்டாப் போதும். காலையில் போங்க, ராத்திரி போங்க, மழையில் போங்க. எழுதி வையுங்கள். எழுதியதை முதலில் அங்கே இருப்பவர்களிடம் காட்டுங்கள், அவர்கள் திருத்தட்டும். ஒரு பிரதி அவர்களிடமே இருக்கட்டும்.

பிறகு அதை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். வைக்க இடம் இருக்கு. பத்து ரூபாய் கட்டணத்தில் ஆர்.டி.ஐ. போட்டு உங்கள் பகுதிக்கான திட்டத்தையும் வரைபடத்தையும் கேட்கலாம். 30 நாளில் பதில் தரணும். தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1-ம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைகள் கூடத் தொடங்கின. கிராம சபை மாதிரி நகரத்துக்கு ஒரு சபை. சென்னையின் 200 வார்டுகளிலும் உங்கள் கவுன்சிலர் முன்னால் உட்கார்ந்து பேச உங்களுக்கு உரிமை உண்டு. அங்கே வெறுங்கையோடு போகாமல் நோட்டோடு போங்கள்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், இதெல்லாம் செஞ்சா அவங்க கேட்பாங்களா?" என்று கேட்டாள். கேட்காமலும் போகலாம் என்றேன். 1985-ல் மீனவர்கள் கேட்டதை யாரும் கேட்கவில்லை. ஆனால் எழுதி வைத்தது இருந்தால் 'இங்கே யாரும் இல்லை' என்று அடுத்த முறை சொல்வது கொஞ்சம் கஷ்டமாகும். அந்தக் கொஞ்சத்தில்தான் பல குப்பங்கள் இன்னும் கரையில் இருக்கு.

வாடைக் காற்று ஆரம்பித்ததும் மறுபடி நொச்சிக்குப்பம் போகணும். பெரிய வலை விரிப்பதைப் பார்க்க வரச் சொல்லியிருக்காங்க. இந்தத் தடவை வரைபடம் அந்தப் பையனுடையது. நான் கூட நடக்கப் போகிறேன், அவ்வளவுதான். போகும்போது அக்காவிடம் பேரையும் கேட்டுக்கொள்ளணும். இவ்வளவு பேசியும் இன்னும் கேட்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.